வானத்திலிருந்து விழுந்த மூன்று மலைகள்

பசுமலையில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இங்குள்ள மிஷன் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவர். அவர் மனைவி அதே பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று பேருக்கும் சாயங்காலத்தில் வேலை கிடையாது. அதனால் பழக்கம் ஏற்பட்டது.

சாருக்கு ஒரு கொள்கை இருந்தது. வெள்ளி என்ற கோள் முன்பு இப்போதிருக்கும் இடத்தில் இல்லை; வால் நீண்ட நெருப்புக் கோளமாக அலைந்து, பூமிக்கு மிக அருகில் வந்து போனது. பூமி தடுமாறியது. சூரியன் நடுவானத்தில் நின்றது என்று வேதாகமத்தில் இருப்பது அந்த நாளைத்தான். தெற்கே கடல் நிலத்தை விழுங்கியது என்று தமிழர்கள் சொல்வதும் அதைத்தான். மதுரையின் எல்லையைக் காட்ட ஒரு பாம்பு தன் வாலைத் தானே கவ்வி நகரைச் சுற்றிக் கிடந்தது என்று கோயில் கதை சொல்கிறதே, அது பாம்பில்லை, வானத்தில் தெரிந்த வால். ஊரை அழிக்க ஏவப்பட்ட யானையும் பாம்பும் பசுவும் கல்லாகி யானைமலை, நாகமலை, பசுமலை ஆயின என்ற கதைக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. மூன்றும் வெள்ளியிலிருந்து பிய்ந்து விழுந்த துண்டுகள்.

"அப்ப நாம வெள்ளி மேலதான் வீடு கட்டி இருக்கோம்," என்பார் அவர் மனைவி. "பட்டா மட்டும் தாலுகா ஆபீஸ்ல குடுத்தாக."

கல்லூரியில் புவியியல் நடத்துகிற ஒருவரிடம் விசாரித்து, இந்தப் பாறைகளெல்லாம் இங்கேயே பூமிக்கடியில் உருவானவை என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"வெள்ளியில என்ன பாறை இருக்குன்னு யாரு போய்ப் பார்த்தது?"

"ரஷ்யாக்காரன் கலத்தை இறக்கிப் படமே எடுத்திருக்கான் சார்."

"அது கொஞ்ச நேரத்துல அடங்கிப் போச்சுல்ல? அம்புட்டுச் சூடு. ஏன் அம்புட்டுச் சூடு? யோசிங்க."

ஆசிரியர் அறையில் அவருக்கு 'வால்வெள்ளி' என்று பட்டப்பெயர் உண்டு என்பதை அவர் மனைவிதான் சொன்னார். ஒருமுறை கரும்பலகையில் யாரோ வால் வரைந்து வைத்திருந்தார்களாம். அவர் அதை அழிக்காமலே பாடம் நடத்திவிட்டு வந்தாராம். இப்போது அந்தக் கொள்கையை அவர் புத்தகமாக எழுதி முடித்திருந்தார். ஜனவரியில் பழைய மாணவர்கள் கூடும்போது வெளியீடு. பிழை திருத்தவும் முன்னுரை எழுதவும் என்னைக் கேட்டார்.

கையெழுத்துப் பிரதியில் பெரும்பகுதி பிற நூல்களிலிருந்து எடுத்தது. பாபிலோன், எகிப்து, மெக்சிகோ. யார் எங்கே சொன்னார்கள் என்று என்னால் தேடிப் பிடிக்க முடியாதவை. ஆனால் ஒன்பதாவது அத்தியாயம் அவருடைய சொந்தச் சரக்கு. அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், டீக்கடையில் சந்தித்த வயதான விவசாயி ஒருவர் சொன்னதை அவர் போனில் பதிவு செய்திருந்தார். ஒரு காலத்தில் வெள்ளி, சூரியன் மாதிரி பெரிதாக இருந்ததாம். மூன்று நாள் விடியவில்லையாம். மூன்று மலையும் அப்போது விழுந்ததாம்.

"பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத மனுசன்," என்றார் சார். "எந்தப் புத்தகமும் படிச்சதில்ல. இதுக்கு என்ன சொல்லுவாங்க?"

'சொல்லுவாங்க' என்று அவர் குறிப்பிட்டது யாரை என்று எனக்குத் தெரியும். ஜனவரியில் அந்தப் பழைய சக ஆசிரியர்களும் வருவார்கள். அவர்கள் முன்னால் வைக்க அவரிடம் இருந்த ஒரே சாட்சி அந்த விவசாயி.

பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார். அது பாதியிலிருந்து தொடங்கியது. கேள்வி இல்லை, பதில் மட்டும் இருந்தது. பாதியில் தொடங்கும் பதிவை நான் வேலையில் இருந்த காலத்தில் நம்பியதில்லை. நடுவில் ஒரு வாக்கியம் வந்தது: "தண்ணிச் சொம்பைக் கயித்துல கட்டிச் சுத்தும்போது கயிறு அந்து போனா எப்படித் தெறிச்சு ஓடும், அந்த மாதிரி ஓடியாந்துச்சு."

அதை மறுபடி போடச் சொன்னேன். கயிற்றில் சொம்பைக் கட்டிக் கிணற்றில் இறைப்பார்கள். விவசாயி வீட்டில் யாரும் அதைத் தலைக்கு மேல் சுற்றுவதில்லை. தண்ணீர் சிந்தாமல் சொம்பைச் சுற்றிக் காட்டுவது இயற்பியல் வகுப்பில். சார் அந்த மனிதருக்குச் சொல்லிக் கொடுத்துப் பேச வைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். அவரிடம் கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அழகர்கோவிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அலங்காநல்லூர் பாதையில் போனேன்.

டீக்கடையில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். விவசாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். போனில் பதிவு செய்த ஆள் என்றதும் நினைவு வந்துவிட்டது.

"வெள்ளைச் சட்டைக்காரரா? என்னமோ ஆபீசர்னு நினைச்சேன். போனை வாய்க்கிட்ட நீட்டிப்புட்டாரு."

"என்ன கேட்டாருண்ணே?"

"இந்த மலையெல்லாம் எப்படி வந்துச்சு, உங்க பெரியவுக என்ன சொல்லுவாகன்னாரு. எங்க பெரியவுக மலையைப் பத்தி என்னத்தச் சொன்னாக? மாடு மேய்க்கப் போகாதடா, நரி கிடக்கும்பாக. அம்புட்டுத் தூரத்துல இருந்து கேட்டு வந்த மனுசன்ட்ட அதைச் சொல்லி வெறுங்கையோட அனுப்புறதா? அதான் தெரிஞ்சதைச் சொன்னேன்."

"அது உங்களுக்கு யார் சொன்னது?"

அவர் யோசிக்கவே இல்லை. வாசலில் பைக்கின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ஆளைக் காட்டினார். அவருடைய மகன். நாற்பத்தைந்து வயதிருக்கும், லோடு வண்டி ஓட்டுகிறார். "இவன்தான். இவன் படிச்சதுல எனக்கு ஞாபகம் இருக்கறது அது ஒண்ணுதான்."

மகன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். பசுமலையில் போர்டிங்கில் தங்கி மூன்று வருடம் படித்தவர். "எங்க சயின்ஸ் சார் சொன்னதுண்ணே. சொம்புல தண்ணியை ஊத்திக் கயித்துல கட்டிச் சுத்துவாரு. ஒரு நாள் கயிறு அந்து போச்சு. முதல் பெஞ்சு அம்புட்டும் நனைஞ்சுட்டாங்க. இப்படித்தான்டா வெள்ளி பாதை மாறி வந்துச்சுன்னாரு. லீவுக்கு வந்தப்ப வீட்ல சொன்னேன். இவரு அதைப் புடிச்சுக்கிட்டாரு. ஊர் பூராம் சொல்லியாச்சு."

"அந்த சார்தான் வந்து பதிவு செஞ்சது."

அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏன்யா, உங்க வாத்தியார்ட்டயா நான் பாடம் ஒப்பிச்சேன்?" என்று பெரியவர் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. "சார் கோவிச்சுக்கிட்டாரா?" என்று என்னிடம் கேட்டார்.

திரும்பும் வழியில் எனக்கு மகிழ்ச்சியாக இல்லை. மோசடி என்று நினைத்துப் போனேன். அங்கே இருந்தது ஒரு வட்டம். வகுப்பில் சொன்னது ஊருக்குப் போய், முப்பது வருடம் அங்கே இருந்து, சொன்னவரிடமே சாட்சியாகத் திரும்பி வந்திருக்கிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சிலிருந்து வந்த பிறகு போய்ச் சொன்னேன். சார் முழுவதும் கேட்டார்.

"யாரைக் கேட்டுப் போனீங்க?"

அவர் மனைவி காபி டம்ளரோடு கதவோரம் நின்றுவிட்டார்.

"அந்தப் பையன் பேர் என்ன?"

சொன்னேன். அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். "போர்டிங் பையன். வாயே திறக்க மாட்டான். கயிறு அந்தது அவன் வருசம்தான். ஹெட்மாஸ்டர்ட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "நான் சொல்லிக் குடுத்துப் பேச வச்சேன்னு நினைச்சுத்தானே போனீங்க?"

"ஆமா சார்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்."

என் மடியிலிருந்த பிரதியை வாங்கி, ஒன்பதாவது அத்தியாயத்தை மட்டும் உருவி எடுத்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மற்ற அத்தியாயங்களில் சொல்லப்படும் கதைகளும் இதே மாதிரி யாரிடமிருந்து யாருக்குப் போயின என்று பார்க்க வேண்டும் என்றேன்.

"மத்தது அம்புட்டும் புத்தகத்துல இருக்கறது," என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். முன்னுரையைப் பற்றி அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஜனவரியில் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சார் பத்து நிமிடம் பேசினார். விவசாயியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த பழைய ஆசிரியர்கள் சிரிக்கவில்லை. ஒருவர் கைகூடத் தட்டினார். ஒன்பதாவது அத்தியாயம் புத்தகத்தில் இல்லை. முதல் பக்கத்தைத் திருப்பினேன். முன்னுரை இருக்க வேண்டிய இடத்தில் நன்றியுரை இருந்தது. அதில் என் பெயர், நான் பார்த்த வேலை, அதற்குக் கீழே: 'இந்நூலின் செய்திகளை நேரில் சென்று சரிபார்த்தவர்.'

வங்கியில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். "சார், நீங்கதான் செக் பண்ணீங்களாமே? எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா பேப்பர்க்காரரு பார்த்துருக்காருன்னா சரி, வீட்ல வச்சுப் படிக்கலாம்." கையில் இரண்டு பிரதிகள் வைத்திருந்தார்.

சாரின் மனைவி பிரியாணித் தட்டோடு வந்தார். அந்த வரியைக் காட்டினேன்.

"நான்தான் போடச் சொன்னேண்ணே," என்றார். "அம்புட்டு வெயில்ல போய்ட்டு வந்தீக. ஒரு நன்றிகூட இல்லாம விட்டா நல்லாவா இருக்கும்?"

ஆட்கள் சொல்வதையும் அவர்கள் முகத்தையும் சேர்த்துப் பார்ப்பது என் பிழைப்பாக இருந்தது. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. தட்டை என் கையில் வைத்து, ரைத்தா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

சார் மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள் எனக்கு வழிவிட்டார்கள். என் பிரதியை வாங்கி, நிதானமாகக் கையெழுத்திட்டு, தேதியும் போட்டார்.

"எதுவும் தப்பு இருந்தாச் சொல்லுங்க," என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நீங்க பார்த்தவர்."

பின்னால் நின்றவர்கள் என் வாயைப் பார்த்தார்கள். அதில் அந்த லோடு வண்டிக்காரரும் இருந்தார்; இஸ்திரி போட்ட சட்டையோடு, புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. நான் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி ஒதுங்கினேன். லோடு வண்டிக்காரர் முன்னால் போய்ப் புத்தகத்தை நீட்டினார். சார் அவர் பெயரைக் கேட்காமலே எழுதினார்.