செவ்வாய்க்கிழமைத் திருநீறு

என் தம்பி ரயிலிலிருந்து விழுந்து செத்த பிறகு எங்கள் தாராவி வீட்டில் அவன் பேரை யாரும் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று ஒரு முடிவும் எடுக்கவில்லை, அதுவாக நின்றுபோனது. வீட்டில் அம்மாவும் நானும்தான், ஒரே அறை. நான் பார்க்க அவள் அழ மாட்டாள், அவள் பார்க்க நான் அழ மாட்டேன். சாயங்கால சீரியலில் எவளாவது அழுதால் மட்டும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். கேட்டால் அந்தப் பிள்ளை பாவம் என்பாள். நானும் ஆமாம் பாவம் என்பேன்.

குர்லா ஆபீஸில் எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சில் யாரோ ஏறி மிதிப்பதுபோல இருக்கும். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் ஒன்றுமில்லை, மனசுக்கு யாரையாவது பாருங்கள் என்றார். சுருக்கென்று கோபம் வந்தது. என்னைப் பைத்தியம் என்கிறாரா? ஆனாலும் பயம் விடவில்லை. முதலில் ஒருவர் போனில் ஆலோசனை சொன்னார். தினமும் அமைதியான அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார வேண்டுமாம். நல்ல கதை! எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினால் அம்மாவும் உள்ளேதான் இருப்பாள். பக்கத்து வீட்டு மிக்ஸி எங்கள் சுவருக்குள்ளேயே ஓடுவதுபோலக் கேட்கும். போனை வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் செம்பூரில் மனநல ஆலோசகரான ஒரு மராட்டிக்கார அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் எடுத்த எடுப்பில் எந்த யோசனையும் சொல்லவில்லை. உன் வீடு எப்படி இருக்கும், அதில் நீ எங்கே அழுவாய் என்று இந்தியில் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அழ இடமே இல்லை. அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். தம்பி பேரைக் கேட்டார், எனக்கு வாய் வரவில்லை. அவர் வற்புறுத்தவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவரும் 'தம்பி' என்றே சொன்னார். தம்பிக்கு என்ன பிடிக்கும், தம்பி எதற்கெல்லாம் சண்டை போடுவான் என்று கேட்பார். நான் இப்போது ரயிலில் ஏறுவதில்லை, பஸ்ஸில்தான் போகிறேன் என்றதும், அப்படியானால் அந்த ஜன்னல் சீட்டுதான் உன் அறை, அங்கே அவனை நினைத்துக்கொள் என்றார். நினைத்துக்கொண்டேன். மூச்சு முட்டுவது நிற்கவில்லை, ஆனால் கொஞ்சம் குறைந்தது. பல வாரம் கழித்து ஒருநாள் அவன் பேர் தானாக வாயில் வந்தது. அவர் அதைத் தப்பாகத் திருப்பிச் சொன்னார். நான் திருத்தினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

அம்மாவிடம் முருகன் கோயில் என்று சொல்லி வைத்திருந்தேன். செம்பூர் மலைக்கோயிலில் செவ்வாய்க்கிழமை நேர்ச்சை. உண்மையைச் சொன்னால் பிள்ளைக்கு மூளை பிசகிவிட்டது என்று ஊர்வரைக்கும் பேச்சு போகும், அம்மா போகவே விடமாட்டாள். எனக்கு இருந்ததே அந்த ஒரு இடம். கோயிலுக்குப் போனவள் வெறுங்கையோடு வர முடியுமா? முதலில் நிஜமாகவே படியேறித் திருநீறு வாங்கி வந்தேன். அப்புறம் நேரம் போதாமல், ஒரே தடவையில் நிறைய வாங்கி, கைப்பையில் வைத்துக்கொண்டு வாரம் ஒரு பொட்டலமாகக் கொடுத்தேன். முருகன் மன்னிக்கட்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தபோது டிவி ஓடவில்லை. அடுப்பும் பற்றவைக்கவில்லை. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை, வழக்கம்போலப் பொட்டலத்தை நீட்டினேன். அம்மா பிரித்து, நெற்றியில் பூசிக்கொண்டாள்.

"ஏட்டி, இன்னைக்குக் கிரகணம்லா. மத்தியானமே நடை சாத்தியிருப்பாவ."

இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள், இனி போகாதே என்பாள் என்று நினைத்தேன். ஊசி போடுவார்களா, மாத்திரை தருவார்களா என்று மட்டும் கேட்டாள். ஒன்றுமில்லை, பேசுவோம் என்றேன். என்ன பேசுவீர்கள் என்றாள். தம்பியைப் பற்றி என்றேன்.

அம்மா அந்தக் காகிதத்தை மடித்தாள், திரும்பப் பிரித்தாள், திரும்ப மடித்தாள். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"அங்க வந்தா, அவன் பேரச் சொல்லலாமாட்டி?"