பிரேக் ஆயிலில் ஊறிய கார்

நம்பாவிட்டால் போங்கள். நம்பச் சொல்லி யார் காலிலும் விழுகிற வயது எனக்கு இல்லை. ஆனால் பொய் என்று மட்டும் சொல்லாதீர்கள். கெட்ட கோபம் வரும்.

வத்தல்மலையில் ஒரு கரடிக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டேன் என்று முன்பு ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அது பொய்தான். கரடிக் காதில் கண்ணாடி நிற்காது. தொழில் தெரிந்த எவனும் அங்கேயே பிடித்திருப்பான். ஒருவனும் பிடிக்கவில்லை. இது அப்படி இல்லை. இது நடந்தது. 1986 பிப்ரவரி, தருமபுரியில், என் வீட்டில். கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. சின்னக் கார். குழந்தைகள் உருட்டுகிற பொம்மை இல்லை. சீமையில் அட்டைப் பெட்டியில் போட்டு விற்பார்கள். உள்ளே கதவு, சீட்டு, ஸ்டியரிங், புகைக் குழாய் என்று ஒரு காரின் பாகமெல்லாம் குட்டிக் குட்டியாகப் பிளாஸ்டிக்கில் இருக்கும். ஒட்டி, பெயிண்ட் அடித்தால் ஒரு சாண் கூட வராத அசல் கார். புதிதாக வாங்க நமக்கு வக்கு ஏது? முப்பது வருடத்துக்கு முன்னால் எந்தத் துரை வீட்டுப் பையனோ கண்டபடி ஒட்டிக் கெடுத்துவிட்டுப் போனதைப் பெங்களூர் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்து, பிரித்து, கழுவி, அது எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படிச் செய்வேன். அதுதான் பைத்தியம்.

எங்கள் ஜில்லாவில் இந்தப் பைத்தியம் இன்னொருவருக்கும் இருந்தது. கஸ்பார். மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது. அதாவது, வாரம் ஒரு தடவை பார்த்துத் திட்டிக்கொள்ளாவிட்டால் ஆகாது.

மாரிஸ் மைனர் என்று ஒரு பழைய சீமைக் கார். அதன் குட்டியை இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே நேரத்தில்தான் பார்த்தோம். அவர் கை பானெட்டில், என் கை டிக்கியில். எந்தப் படுபாவியோ அதன் மேல் வீட்டு ஜன்னலுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டை அப்பி வைத்திருந்தான். பெயிண்டுக்கு அடியில் கதவுக் கோடு கூடத் தெரியவில்லை. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

"வுடுங்க பாய். உங்க கையில போனா பெயிண்ட சொரண்டுறேன்னு காரையே சொரண்டிப்புடுவீங்க" என்றார் கஸ்பார்.

"நான் சொரண்ட மாட்டேன். ஊற வெப்பேன்."

"எதுல, பாயாவுலயா?"

கடைசியில் பந்தயம் என்று ஆனது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கஸ்பார் சர்ச்சில் பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வருவார். காரில் பச்சை ஒரு பொட்டு இருந்தாலும், பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் விழுந்திருந்தாலும் கார் அவருக்கு. இல்லையென்றால் எனக்கு, ஆயுசுக்கும்.

பிளாஸ்டிக்கைத் தொடாமல் பெயிண்டை மட்டும் உரிக்க ஒரு வழி இருக்கிறது. பிரேக் ஆயில். அதில் இரண்டு மூன்று நாள் ஊறினால் பெயிண்ட் வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி கழன்று வந்துவிடும். புதன்கிழமை ஜமீர் ஷெட்டுக்குப் போனேன். ஜமீர் கார் மெக்கானிக். எனக்குத் தூரத்துச் சொந்தம், மாமு என்று கூப்பிடுவான். ஷெட்டில் கஸ்பாருடைய வெள்ளை பியட் கார், சைலன்சர் வேலைக்காக வந்து நின்றுகொண்டிருந்தது.

"பிரேக் ஆயில் ஸ்டாக் இல்ல மாமு. திங்கக்கெழமதான் வரும்."

"திங்கக்கெழம எனக்கு எதுக்குடா? தலைக்குத் தேச்சுக் குளிக்கவா? நாளைக்கு வேணும்."

"எங்க மாமு போவேன்?"

"எங்கயோ போ. நாளைக்கு என் வூட்டுல ஆயில் இருக்கணும்."

வியாழக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தான். அரை லிட்டர் ஊறுகாய் பாட்டிலில், கொஞ்சம் பழுப்பாக. மாரிஸ் மைனரின் மேல்கூட்டை மட்டும் தனியே கழற்றி, டிக்கி கீழே, முகப்பு மேலே இருக்கும்படி பாட்டிலுக்குள் செங்குத்தாக இறக்கினேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. உள்ளே அது புரள்வதற்கு இடமே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திருகி என் வேலை மேஜை மேல் வைத்தேன்.

பேய்க் கதை எழுதுகிறவர்களுக்கெல்லாம் மணி பன்னிரண்டுதான் அடிக்கும். எனக்கு ஒன்பதே முக்கால். சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தேன்.

டக்... டக்... டக்...

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

டக்... டக்... டக்...

"ஏங்க, பாட்டிலுக்குள்ள எலியப் போட்டு மூடிட்டீங்களா?" என்றாள் என் மனைவி அஸ்கரி பேகம்.

போய்ப் பார்த்தேன். சத்தம் பாட்டிலுக்குள் இருந்துதான் வந்தது. கூடு மெல்ல மேலே எழும்பும். பிறகு யாரோ மிதித்த மாதிரி கீழே இறங்கிக் கண்ணாடியில் முட்டும். மூன்று தடவை. அப்புறம் ஓய்வு. மறுபடி மூன்று தடவை. கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது.

பயமா? பயம் இல்லை. கோபம்தான் வந்தது. ஜமீர் ஆயிலில் எதையோ கலந்துவிட்டான், அது உள்ளே பொங்குகிறது, என் கார் போய்விடும் என்று நினைத்தேன்.

விடிந்ததும் பார்த்தேன். முகப்பு கீழே இருந்தது. டிக்கி மேலே.

மூடி நான் திருகிய இடத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நேராக ஷெட்டுக்குப் போனேன். பியட் அங்கே இல்லை. கஸ்பார் முந்தின நாளே எடுத்துப் போய்விட்டாராம்.

"எந்த ஆயில்டா குடுத்த?"

"நல்ல ஆயில்தான் மாமு."

"எங்கேருந்து எடுத்த?"

"டப்பாவுல இருந்துச்சு." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"புதன்கெழம இல்லாத டப்பா வியாழக்கெழம மொளச்சுதா?"

"கார் ஊறுதா இல்லயா? அதப் பாருங்க மாமு" என்று வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். காலைப் பிடித்து இழுத்து உதைக்கலாம் போல இருந்தது. கடையில் ஆள் காத்திருந்தது, திரும்பி வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி அதே ஒன்பதே முக்கால்.

டக்... டக்... டக்...

முந்தின நாளைவிடப் பலமாக இருந்தது. மேஜை மேல் இருந்த லென்சுகள் அதிர்ந்தன. பக்கத்தில் தனியாக வைத்திருந்த காரின் அடிச்சட்டத்தின் நான்கு சக்கரங்களும் சுழன்றுகொண்டிருந்தன. சட்டம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அறையில் ஒரு வாடை. ரப்பர் கருகுகிற வாடை.

"அதத் தூக்கித் தெருவுல எறிங்க" என்றாள் அஸ்கரி. வாசற்படியைத் தாண்டி அவள் உள்ளே வரவில்லை.

"எறிஞ்சா பந்தயம் போயிரும். அந்தக் கஸ்பார் ஜென்மத்துக்கும் சிரிப்பாரு."

"உங்க பந்தயத்துல மண்ணு வுழ!"

டக் டக் டக். டக் டக் டக்.

இப்படியே முட்டினால் பிளாஸ்டிக் கீறிவிடும். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "யார்றா நீ? என் வூட்டுல வந்து என் காரையா ஒடைக்கற?" என்று பாட்டிலை இரண்டு கையாலும் கப்பென்று பிடித்து மேஜையோடு அழுத்தினேன்.

உள்ளே ஏதோ திமிறியது. கோழியை அமுக்கிப் பிடித்தால் திமிறுமே, அப்படி. நான் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன்.

சட்டென்று அடங்கிப் போனது. தூங்கிக்கொண்டிருந்த எவனோ விழித்துக்கொண்ட மாதிரி.

சனிக்கிழமை பகல் முழுக்க ஒன்றுமில்லை. பெயிண்ட் சுருண்டு, ஆயில் பாதி பச்சையாகிவிட்டது. இன்னும் ஒரு ராத்திரி தாண்டினால் போதும். கார் எனக்கு.

ராத்திரி சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிட்டு மேஜை முன் உட்கார்ந்தேன். "வாடா" என்றேன்.

ஒன்பதரை. ஒன்றுமில்லை.

ஒன்பதே முக்கால்...

டக்.

ஒரே ஒரு தடவை. மெதுவாக.

பிறகு...

டக் டக் டக் டக் டக் டக் டக்.

இடைவெளியே இல்லை. பாட்டில் மேஜை மேல் நடந்தது.

விளிம்புக்குப் போனது.

பாய்ந்து பிடித்தேன். இரண்டு கையாலும்.

சுட்டது. ஆயில் கொதிக்கிற மாதிரி சுட்டது.

கருகல் வாடை.

திமிறல்.

"நிறுத்துடா!" என்று கத்தினேன்.

டக் டக்...

"நிறுத்து!"

அழுத்தினேன்.

அழுத்தினேன்.

நின்றது.

கைக்குள் பாட்டில் ஜில்லென்று ஆனது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அதை ஒளிக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டை வெளியே எடுத்துக் கழுவினேன். பச்சை ஒரு பொட்டு கூட இல்லை. ஒரு கீறல் இல்லை. தந்தம் மாதிரி வெளுத்து, கதவுக் கோடு, கைப்பிடி எல்லாம் தெரிந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு கஸ்பாருக்காக உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்லி அவர் மானத்தை வாங்கலாம் என்று யோசித்து வைத்திருந்தேன்.

வந்தது ஜமீர். ஓடி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மாமு... கஸ்பார் அண்ணன் போயிட்டாரு."

"எங்க போயிட்டாரு?"

"தொப்பூர் மலை எறக்கத்துல. நேத்து ராத்திரி. வண்டி பள்ளத்துல..."

சேலத்துக்குப் போன தக்காளி லாரி வழியில் நின்றுவிட்டதாம். பார்த்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடலாம் என்று தனியாகக் கிளம்பியிருக்கிறார்.

ஜமீர் என் காலைக் கட்டிக்கொண்டான். "அந்த ஆயிலு அவரு வண்டியுது மாமு. நீங்க வேணும் வேணும்னு நின்னீங்க. எடுத்துட்டுச் சோப்புத் தண்ணி ஊத்தினேன். சமதரையில ஓடும். லாரிக்காரனுங்க ஆத்திர அவசரத்துக்கு ஊத்துவானுங்க. திங்கக்கெழம மாத்திடலாம்னு இருந்தேன். இவரு மலை எறங்குவாருன்னு எனக்கென்ன தெரியும்?"

அறைந்தேன். எத்தனை அறை என்று எண்ணவில்லை. தெருவே கூடிவிட்டது. மலை இறங்கும்போது பிரேக்கை மிதிக்க மிதிக்கச் சூடாகும், சோப்புத் தண்ணீர் கொதித்து ஆவியாகும், பெடல் வெறுமனே உள்ளே போகும். பச்சைப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். இவன் மெக்கானிக்!

பின்னால் வந்த லாரி டிரைவர் போலீசில் சொன்னதும் பிறகு காதுக்கு வந்தது. பியட்டின் பின்பக்கச் சிவப்பு விளக்கு பட் பட்டென்று எரிந்து எரிந்து அணைந்ததாம். பிறகு அது எரியவே இல்லையாம். "வண்டி எறங்கிக்கிட்டே இருக்குது, அந்தாளு பிரேக்க மிதிக்கறத வுட்டுட்டாரு" என்றானாம்.

பெடலை மிதிக்கும்போது குழாயில் அழுத்தம் ஏறினால்தான் அந்த விளக்கு எரியும், கொதித்துப் போன பிரேக்கில் எரியாது என்று ஜமீரே சொன்னான். அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் நான் நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கஸ்பார் செத்தது சனிக்கிழமை. பாட்டில் தட்ட ஆரம்பித்தது வியாழக்கிழமை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செத்த பிறகு வருவதுதானே பேய்க்கு முறை? முன்கூட்டியே வருவதென்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா? டக் டக் டக் என்றால் எவனுக்குப் புரியும்?

மூன்றாம் நாள் மாரண்டஹள்ளிக்கு பஸ் ஏறினேன். கஸ்பாரின் மனைவி ராயம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அழவில்லை. அழுது முடித்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம உங்க வூட்டுக்கு வரணும்னே சொல்லிட்டிருந்தாருங்க பாய். அந்தக் காரப் பாக்கணும்னு."

"சோப்புத் தண்ணிம்மா. அந்த ஜமீர் பயதான்..."

"அதில்லீங்க பாய்." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "வியாழக்கெழம ராத்திரியே அவரு சரியில்லீங்க. தூக்கத்துல கட்டில் கட்டையப் போட்டு மிதிக்கறாரு. வண்டி ஓட்டற மாதிரி. மறுநாளும் அப்படியே. திடீர்னு கத்திக்கிட்டு எந்திரிச்சு உக்காந்துட்டாரு. ஒடம்பெல்லாம் வேர்வ. 'யாரோ என் காலப் புடிச்சுக்கிட்டான் ராயி, மிதிக்க வுடமாட்டேங்கறான்'னாரு."

"எத்தன மணிக்கும்மா?"

"மண்டிக்காரரு, எட்டரைக்கே படுத்துருவாரு. ஒம்போதே முக்கா இருக்கும். கனவுங்க, படுங்கன்னேன். வெளக்கப் போட்டு வலது கால நீட்டிக் காமிச்சாருங்க பாய்..."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"ரெண்டு கை. பத்து வெரலும் பதிஞ்சு, செவசெவன்னு இருந்துச்சு."

சோப்புத் தண்ணீர்தான் காரணம். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். எவன் கேட்டாலும் சண்டைக்கே போவேன்.

உள்ளேயிருந்து காபி வந்தது. ராயம்மாளே வாங்கி, "எடுத்துக்கங்க பாய்" என்று டம்ளரை என் முன்னால் நீட்டினார். ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்தம்மா நீட்டியபடியே இருந்தார்.

தோளில் கிடந்த துண்டுக்குள் இருந்து நான் கையை வெளியே எடுக்கவே இல்லை.