சய ஒன்பது அடி நீர்

1998 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். மழைமானியைப் பார்த்தேன், முப்பத்திரண்டு மில்லிமீற்றர். குறித்துக்கொண்டேன். பிளேன்ரீ குடித்து, ஏழு மணிக்குச் சைக்கிளில் வந்தாறுமூலைக்குப் புறப்பட்டேன். வழக்கம்போல் இராணுவ முகாம் வாசலில் இறங்கிச் சைக்கிளை உருட்டினேன். எட்டு ஐந்துக்கு, பல்கலைக்கழகத்தில் நான் பொறுப்பாக இருந்த கணினி அறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மச்சான் எனக்கு முன்பே வாசலில் நின்றான். வாவிக் கரை வட்டையில் அவனுடைய மூன்று ஏக்கர் வயல் தண்ணீருக்குள் கிடந்தது. முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி வாவியைக் கடலுக்குத் திறக்காவிட்டால் மூன்று நாளில் பயிர் அழுகிவிடும். வெட்டப் போவதற்கு முகாமின் அனுமதி வேண்டும். காரணத்தை எழுத்தில் கேட்டிருந்தார்கள்.

"வெள்ளம் நிக்கிறது கண்ணுக்குத் தெரியுதுதானே?" என்றேன்.

"கண்ணால கண்டது எழுத்தில்லையாம். உன்ர பெட்டியால ஒரு கடதாசி எடுத்துத் தா மச்சான்."

வாவியைக் கணினியில் ஓடவிடும் முறை எளியது. வாவிப் படத்தைச் சம கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்துக்குள் வந்த நீரிலிருந்து வெளியே போனதைக் கழித்தால், அங்கே மட்டம் எவ்வளவு ஏறியது என்று தெரியும். சிறிது நேரம் தள்ளி மறுபடியும் அதே கழித்தல். அந்தச் சிறிது நேரம் உண்மையிலேயே சிறிதாக இருக்க வேண்டும். ஒரே தாவலில் நீர் ஒரு கட்டத்தையே கடந்துவிடும் அளவுக்கு அது நீண்டால் கணக்குக் கெட்டுவிடும்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஜெனரேட்டர் இரண்டு மணி நேரம்தான் ஓடும். ஐந்து நிமிடத் தாவலுக்குப் பதிலாக ஒரு மணி நேரத் தாவலை வைத்தேன்.

திட்டை வெட்டினால் மூன்றாம் நாள் வயல்கள் வடியும் என்று கணினி சொன்னது. அதே மூச்சில், பாலத்தடிக் கட்டத்தில் பதினேழு அடி நீர் என்றும், பக்கத்துக் கட்டத்தில் சய ஒன்பது அடி நீர், அதாவது பூச்சியத்துக்கும் ஒன்பது அடி குறைவு, என்றும் சொன்னது. தாள் அச்சாகி முடிய ஜெனரேட்டர் நின்றது.

"சய ஒன்பது அடித் தண்ணியில மீன் எப்பிடி மச்சான் நிக்கும்?"

"தலைகீழா நிக்கும். நட."

முகாம் வாசலில் அதிகாரி தாளை வரிவரியாகப் படித்தார். அவருடைய கொப்பியிலும் அதே முறைதான்: உள்ளே வந்தோர், வெளியே போனோர், மிச்சம்.

"இந்த ஒன்பது பேர் எங்க?"

"ஆக்கள் இல்லை ஐயா. தண்ணி."

"தண்ணியோ ஆளோ, ஒன்பது குறையுது. குறைஞ்சா நான் கையெழுத்து வைக்க ஏலாது."

அவர் நியாயமானவர். அன்று அவருடைய கொப்பியிலும் வந்தோரைவிடப் போனோர் ஒருவர் அதிகம். அதைச் சரிக்கட்ட, அப்போதுதான் உள்ளே வந்திருந்த ஒரு மீன்காரரைக் கொப்பியில் பதியாமல் வாசல் கயிற்றுக்குக் கீழாகக் குனிந்து வெளியே போய் மறுபடியும் வரச் சொன்னார்கள். மீன்காரர் முணுமுணுக்காமல் இரண்டாம் முறை வந்தார். கொப்பி சரியானது.

நான் பென்சிலை எடுத்தேன். பதினேழிலிருந்து பதின்மூன்றைக் கழித்துப் பக்கத்துக் கட்டத்தில் சேர்த்தேன். இரண்டிலும் நான்கு நான்கு அடி. மொத்தம் முன்பு போலவே எட்டு. அதிகாரி விரல்விட்டு இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தினார்.

"இப்ப இது சரியான கணக்கா மச்சான்?" என்று வழியில் மச்சான் கேட்டான்.

"இல்லை. ஆனா முத்திரை கிடக்கு."

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்து, மழைமானியைக்கூடப் பார்க்காமல், மச்சானோடு முகத்துவாரத்துக்குப் போய், அந்தத் தாளைக் காவலாளியிடம் காட்டிவிட்டு மணலில் மண்வெட்டியைப் போட்டேன்.