எனக்கு மட்டும் நம்பர் கிடையாது

போன புதன்கிழமை திருபுவனையில் ஒருவர் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

என்னை வேண்டாம் என்றவர்கள் வாழ்க்கையில் நிறைய. பத்திரிகை ஆசிரியர்கள், ஒரு பேங்க் மேனேஜர், கல்லூரியில் ஒரு பெண். ஆனால் காசை நீட்டிய பிறகும் ஒருவர் வேண்டாம் என்றது இதுதான் முதல் தடவை.

தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே வேப்பமர நிழல். மத்தியானம் இரண்டே கால். பைக்கை ஸ்டாண்டு போட்டு, அதன்மேல் குறுக்காக உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஆள். முப்பது வயதிருக்கும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் ஒவ்வொருவராக அவர் காதருகே குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார்கள்... பாவமன்னிப்புக் கேட்பதுபோல. அவர் முகம் மாறாமல் செல்போனில் குறித்துக்கொள்கிறார்.

நானும் குனிந்தேன். காசை நீட்டி, முந்நூற்று எட்டு என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். மறுபடியும் என் முகம்.

"உங்களுக்கு நம்பர் கெடையாது சார்."

என்ன நம்பர் என்று கேட்கிற நல்லவர்களுக்காக ஒரு விளக்கம். மற்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். நீங்கள் யார் என்று எனக்கும் தெரிந்துவிடும். பக்கத்து மாநிலத்தில் தினமும் மூன்று மணிக்கு லாட்டரி குலுக்குகிறார்கள். விழுகிற நம்பரின் கடைசி மூன்று இலக்கம் என்ன என்று இங்கே நாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சீட்டு கிடையாது, ரசீது கிடையாது. இப்படி மரத்தடியிலோ டீக்கடை ஓரத்திலோ ஒரு ஆள் எழுதிக்கொள்வார். சட்டப்படி தப்பு. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் மூணு நம்பர்.

பத்து வருஷமாக எனக்கு இந்த வியாதி.

வியாதி என்றால் காசு போகிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். கண் போய்விடும். உலகத்தில் மூன்று இலக்கத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. முன்னால் போகிற லாரியின் பின்பக்கம், கரண்ட் கம்பத்தில் அடித்த பெயின்ட், ரேஷன் கடை டோக்கன்... பாகூர் ஏரிக்கரையில் சாயங்காலம் நடந்தால் தண்ணீரில் நாரை நிற்கும். அந்த வெளிச்சத்தில் அந்த வெள்ளை — கவிதை எழுதுகிறவன் செத்துப்போக வேண்டிய இடம். எனக்கோ ஒற்றைக்காலில் நிற்கிற நாரை ஒன்று. இரண்டு காலையும் ஊன்றி நின்றால் இரண்டு. பக்கத்தில் ஒரு எருமை வந்து நின்றால் நான்கு. நூற்று இருபத்து நான்கு! அப்படியே கரையில் நின்று போன் போட்டிருக்கிறேன். உவமை வரவேண்டிய இடத்தில் எண் வந்து உட்கார்ந்துவிட்டால் ஒரு எழுத்தாளன் என்ன ஆவான்? நீங்கள் வாராவாரம் படித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்.

வில்லியனூர் பக்கம் ஒரு கிராமத்துச் சர்ச்சில் பீடத்துக்குப் பக்கத்தில் சின்னப் பலகை இருக்கும். அன்றைய பூசையில் பாடப்போகும் பாட்டுகளின் எண்களை அதில் மாட்டியிருப்பார்கள். எல்லாம் மூன்று இலக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கடைசி பெஞ்சில் கூட்டம் நெருக்கும். நெற்றியில் விபூதியோடு நாங்கள் நாலைந்து பேர். பங்குச் சாமியாருக்கு எங்களைப் பார்த்து ஏக சந்தோஷம். ஊரில் சமய நல்லிணக்கம் பெருகிவிட்டது என்று பிரசங்கத்திலேயே சொன்னார். நாங்களும் பக்தியோடு தலையாட்டினோம். பிறகு ஒரு பண்டிகைக்கு வெளியூரிலிருந்து பாடகர் குழு வந்தது. அவர்களுக்குப் பலகை தேவைப்படவில்லை. அன்று நற்செய்தி வாசிப்பதற்குள் நல்லிணக்கம் எழுந்து வெளியே போய்விட்டது.

சிரிக்கலாம். நானும் சிரித்தபடிதான் எழுதுகிறேன். இனி வருவதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

போன வருஷம் அப்பா இறந்தார். ஒரு சீட்டுக்கட்டைக்கூடத் தொடாத மனிதர். மத்தியானம் ஒரு மணிக்கு, அவரை எடுத்துப்போக வண்டி வந்து தெருமுனையில் நின்றது. சாமந்தி மாலைகள் தொங்குகிற வண்டி. எல்லாரும் மாலையைப் பார்த்தார்கள். நான் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். நானூற்று அறுபத்திரண்டு. பந்தலுக்குப் பின்னால் போய், இடுப்பில் ஈரத்துண்டோடு, அதை எழுதச் சொல்லி போன் செய்தேன்.

காலையிலிருந்து எனக்கு அழுகையே வரவில்லை. கல்லு மாதிரி நிற்கிறானே என்று சொந்தக்காரர்கள் கவலைப்பட்டார்கள். சுடுகாட்டிலிருந்து வீடு திரும்பியதும் மூன்று மணி ரிசல்ட் வந்தது. நானூற்று அறுபத்து மூன்று.

வாய்விட்டு அழுதேன். கூடத்தில் தரையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டு அழுதேன். சித்தப்பா ஓடிவந்து மாரோடு அணைத்துக்கொண்டார். "அழுவுடா, அழுதுடு, உள்ளுக்குள்ள வெச்சிக்காத" என்று முதுகைத் தடவினார். அத்தனை பேருக்கும் ஒரு நிம்மதி, பையன் அழுதுவிட்டான் என்று.

என் மனைவி கலா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி ஐந்து நிமிஷம்.

கருமாதி முடியும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். என்னை நீ என்றுதான் கூப்பிடுவாள். பாகூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். கருமாதிக்கு மறுநாள் மெஷினில் உட்கார்ந்தபடியே, நிமிராமல் சொன்னாள்:

"நிறுத்துன்னு இனிமே சொல்ல மாட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. தெனம் அஞ்சு மணிக்குக் கேப்பேன், போனியான்னு. போயிருந்தா போனேன்னு சொல்லு. திட்ட மாட்டேன். ஒரே ஒரு தடவ பொய் சொன்ன... அப்பறம் கேக்க மாட்டேன். எதையுமே."

இந்த 'எதையுமே'தான் என்னைக் கலக்கியது. சாப்பிட்டியா, எங்க போற, ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு... ஒன்றும் கிடையாது. அவள் செய்யக்கூடியவள். அவளுடைய சொந்தப் பெரியப்பாவிடம் இருபது வருஷமாக நலமா என்று கேட்டதில்லை. அவரும் பக்கத்துத் தெருவில் நலமாக இருக்கிறார். யாரும் எதுவும் கேட்காத வீட்டில் கேட்கப்படாத ஆளாக நடமாடுவதை நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்குக் கேள்வி. ஆரம்பத்தில் பல நாள் 'போனேன்' என்றுதான் சொன்னேன். சொன்ன வாக்கை அவள் காப்பாற்றினாள், திட்டவில்லை. டீ கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பொங்கலுக்குப் பிறகு ஒரு மாற்றம். பாகூரில் எனக்கு வழக்கமாக எழுதுகிறவர் கோதண்டம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை. போனால், போலீஸ் கெடுபிடி, லைன் க்ளோஸ் என்றார். இரண்டு நாள் கழித்துப் போனேன், அதே பதில். சரி, இது கடவுளாகக் காட்டிய வழி என்று நானே நிறுத்திவிட்டேன். ஐந்து மணிக்கு 'போகல' என்று சொல்வதில் ஒரு மிடுக்கு வந்தது. நடையே மாறிவிட்டது. மார்ச் மாதம் இதே பக்கத்தில் மனவுறுதி பற்றி ஒரு கட்டுரை எழுதியது ஞாபகம் இருக்கிறதா? மனம் ஒரு குதிரை, கடிவாளம் நம் கையில் என்றெல்லாம்... அதைப் படித்துவிட்டு மூன்று பேர் கடிதம் போட்டார்கள். ஒருவர் வெற்றிலை பாக்கையே விட்டுவிட்டாராம்.

இந்த மனவுறுதியோடுதான் புதன்கிழமை திருபுவனைக்குப் போனேன். வில்லியனூரில் நான் வேலை பார்க்கிற அச்சகத்திலிருந்து, அந்தக் கம்பெனிக்கு காலண்டர் புரூஃப் காட்ட வேண்டும். கேட்டில் செக்யூரிட்டி ஒரு விசிட்டர் ஸ்டிக்கரைக் கொடுத்து சட்டையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். பெரிதாக, சிவப்பில், 308.

வேலை முடிந்து வெளியே வந்தால் எதிரே வேப்பமரம். குனிகிறவர்கள், நிமிர்கிறவர்கள். குதிரை ரோட்டைத் தாண்டிவிட்டது. கடிவாளம் எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை.

ஏன் எனக்கு மட்டும் கிடையாது என்று அந்த பைக் ஆசாமியிடம் கேட்டேன். அவர் செல்போனைத் திருப்பிக் காட்டினார். எழுதுகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் என் போட்டோ. வேறெங்கும் எடுத்தது இல்லை. இதோ இந்தப் பத்திக்கு மேலே, தாடையில் கைவைத்துக்கொண்டு தீவிரமாக யோசிக்கிறேனே, அதே படம். கீழே கோதண்டம் எழுதியிருந்தார்: 'இவருக்கு யாரும் எழுத வேணாம். பாகூர், வில்லியனூர், திருபுவனை எல்லா பாயிண்டும்.'

பொங்கலிலிருந்து இருக்கிறதாம். பாகூரில் லைன் ஒரு நாள்கூட க்ளோஸ் ஆகவில்லையாம்.

"எதுக்கு இப்படிப் போட்டாரு?"

"உங்க சம்சாரத்தோட அக்கா நல்லவாடாமே?"

ஆமாம். அஞ்சலாட்சி அக்கா. நல்லவாடு மீனவர் ஊர். அங்கே கடற்கரையில் ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோவில் பாகூருக்கு மீன் கொண்டுவருகிறவர். அவர் கூடவே பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கொரு ஊர்.

"அவங்க வந்து கோதண்டம் அண்ணன் வூட்டு வாசல்ல நின்னுகினு, இந்த வூட்டுக்கு இனிமே மீனு கெடையாதுன்னுட்டாங்க. ஏன்னு அண்ணி கேட்டாங்களாம். எந் தங்கச்சி புருசனுக்கு உம் புருசன் நம்பர் எழுதுறான்னு தெருவே கேக்கற மாதிரி சொல்லிட்டாங்க. மூணு வாரம், சார். ஒரு நெத்திலி கெடையாது. எந்தப் பொம்பளையும் தரல. அண்ணி சோத்துப் பானைய கவுத்துட்டாங்க." ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "எங்க வூட்ல ரசம் வெக்கக்கூடத் தெரியாது, சார். கெளம்புங்க."

போலீஸால் முடியவில்லை. சாமிக்கு முடி இறக்கினேன், அதனாலும் முடியவில்லை. என் கடிவாளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நெத்திலி சாதித்திருக்கிறது.

பஸ்ஸில் உட்கார்ந்தபோது முதலில் வந்தது கோபம். பிறகு அவமானம். ஆறு மாசமாக நான் நெஞ்சு நிமிர்த்திச் சொன்ன 'போகல' எல்லாம் யாரோ வாசலில் நின்று எனக்காகச் சம்பாதித்துக் கொடுத்தது. வில்லியனூரில் இறங்கி பாகூர் பஸ் ஏறியபோதுதான் மூன்றாவதாக ஒன்று வந்தது — ஐந்து மணி.

என்ன சொல்வது? யோசித்துப் பாருங்கள், நான் எதுவும் ஆடவில்லை. ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை. 'இல்லை' என்று சொன்னால் எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். ஆறு மாசத்துக் கணக்கு கெடாது, அவள் முகம் வாடாது. பஸ் குலுங்கக் குலுங்க அந்த 'இல்லை'யை நூறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அலுப்பாக, சிரித்துக்கொண்டே, செருப்பைக் கழற்றிக்கொண்டே. வழியெல்லாம் சாயங்கால வெயில் நாற்றுமேல் விழுந்து பச்சையாக எரிந்தது. பத்து வருஷத்தில் முதல் தடவையாக நான் எதையும் எண்ணவில்லை. பொய்யை ஒத்திகை பார்க்கிறவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவன் ஆடவே உட்கார மாட்டான். எனக்கு அது தெரியாது. ஒன்று மட்டும் அன்று பஸ்ஸில் புரிந்தது. நான் ஒவ்வொரு நாளும் பெரிதாகப் பணயம் வைத்தது மரத்தடியில் இல்லை, வீட்டில்.

தையல் கடையில் கலா ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னிக்கிப் போனியா?"

"போனேன். குடுக்கல."

"குடுத்திருந்தா?"

"போட்டிருப்பேன்."

அடுத்த கொக்கியை எடுத்தாள். அதையும் தைத்து முடித்த பிறகுதான் பேசினாள்.

"தெரியும். ரெண்டரைக்கே கோதண்டம் அக்காகிட்ட சொல்லிட்டான். அக்கா எனக்குப் போன் பண்ணிடுச்சு."

"தெரிஞ்சும் எதுக்கு கேட்ட?"

"நாளைக்கும் கேக்கலாமான்னு பாத்தேன்."

அவ்வளவுதான். டீ வாங்கிவரச் சொன்னாள், போனேன். வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் கேட்டாள். வெள்ளிக்கிழமையும் கேட்டாள். நேற்று தலைவலி என்று படுத்திருந்தவள், சரியாக ஐந்துக்கு ஒரு கண்ணை மட்டும் திறந்து கேட்டுவிட்டு மூடிக்கொண்டாள்.

308 விழுந்ததா என்று சிலருக்கு அரிக்கும். பார்த்தேன். விழவில்லை. விழுந்திருந்தால் இந்த வாரம் பத்தியின் தொனியே வேறாக இருந்திருக்கும். அந்த அளவுக்குத்தான் நான் திருந்தியிருக்கிறேன்.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாரும் சுத்த சைவமாக இருக்கிற ஊர் ஏதாவது பக்கத்தில் இருந்தால், தயவுசெய்து எனக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.