அஸ்கலெச் வாய்விட்டுச் சொன்ன பெயர்

எத்தியோப்பியாவின் குராகே மலைநாட்டில் மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் வயிற்றுப் பிள்ளை தங்காது என்பார்கள். அஸ்கலெச்சுக்கு ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை. இப்போது மறுபடியும் ஏழு மாதம். பயம் அவளோடு சேர்ந்தே உண்டு உறங்கியது.

மாமனார் அடுப்பருகே இருந்தால் அவளுக்கு ‘இவர்’. தோட்டத்தில் இருந்தால் ‘அவர்’. கண்ணுக்கெட்டாமல் போய்விட்டால் ‘அந்தக் கோடியில இருக்கிறவர்’. அவள் வாயைத் திறந்தாலே கிழவர் எங்கே என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

“என்னடி, இன்னிக்கு உங்க வீட்ல இவரா, அவரா?” என்று பக்கத்து வீட்டு வொர்க்கே கிண்டல் செய்வாள்.

ஒரு சந்தை நாளில், பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கிவிட்டது. மாடு திரும்பவில்லை என்று, பாதிப் பார்வை போன கிழவர் தடியை ஊன்றிக் கிளம்பினார். கணவனோ அடிஸ் அபாபாவில் கடையில் இருந்தான். வாசலில் நின்ற அஸ்கலெச்சுக்குத் தடிச் சத்தம் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்புவது கேட்டது.

“அங்க போறவரே, நில்லுங்க!”

சந்தையிலிருந்து திரும்பியவர்கள் நின்றுவிட்டார்கள். “யாரு, என்னையா தாயி?” “நானா?”

பனிக்குள் எல்லோரும் அங்கே போகிறவர்கள்தான். இந்த வழக்கத்தை உண்டாக்கிய மகராசர்கள் மூடுபனியில் நடந்ததே இல்லை போலும். தடி மட்டும் நிற்கவில்லை.

அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

“செர்மோலோ!”

தடி நின்றது. ஒரு கல் உருண்டு வெகுநேரம் விழுந்துகொண்டே இருந்தது.

ஆட்கள் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். மாடு தானாகவே வீடு வந்து சேர்ந்திருந்தது.

“உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டது யாருய்யா?” என்றான் ஒருவன்.

“நான்தான். என்னை நானே திட்டிக்கிட்டேன்.”

“பொம்பளக் குரலா இருந்துச்சே?”

“என் வயசு வரட்டும், உன் குரல் எப்படின்னு பாக்கலாம். போடா!”

மருமகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் இருந்த தடுப்புக்குப் பின்னால் படுத்திருந்தாள். வயிற்றில் அசைவே இல்லை. நானே கொன்றுவிட்டேன் என்று வாயைப் பொத்தி அழுதாள். அவளிடம் நேராக எதையும் கேட்காத மாமனாரின் குரல் மறுபக்கத்திலிருந்து வந்தது.

“ஏம்மா... இருக்கா?”

அவள் வயிற்றில் உள்ளங்கையை அழுத்திவைத்துக் காத்திருந்தாள். அப்போது விலாவுக்குக் கீழே ஒரு சின்ன முழங்கை இடித்தது.

“இங்க,” என்றாள் தேம்பியபடி. “இங்கதான் இருக்கு.”

தடுப்புக்கு அந்தப் பக்கம், அதுவரை தொடாமல் ஆறிப்போன ரொட்டியைக் கிழவர் பிய்க்கும் சத்தம் கேட்டது.