அராவாத பெயர்

விற்றவரின் பெயரையும் ஊரையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே பழைய பாத்திரத்தைக் கடைக்குள் வைக்க வேண்டும் என்பது விதி. சின்ன காஞ்சிபுரத்தில் ஆறுமுகம் வைத்திருந்த பழம்பொருள் கடையின் பதிவேட்டில் எடை மட்டுமே இருந்தது.

களிம்பும் புளியும் சேர்ந்து நெடியடிக்கும் அந்தக் கடைக்கு, நான் ஐந்தாம் வகுப்பு படித்த அறுபத்தெட்டில், பித்தளை அண்டா தேடி அம்மா போகும்போதெல்லாம் கூடவே போவேன். அவள் பேரம் பேச, நான் பாத்திரங்களில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயர்களை உரக்கப் படிப்பேன்.

“இன்னாமா, அட்டெண்டென்ஸ் எடுக்கிறியா?” என்று ஆறுமுகம் சிரிப்பார். நான் படித்த பெயர்களில் ஒருவரும் ‘உள்ளேன்’ என்றதில்லை.

எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை விற்பவர்கள் முதலில் அரத்தால் பெயரை ‘அராவி’ அழித்துவிடுவார்கள். பெயரோடு வந்தால் ஒன்று திருட்டு, இல்லையென்றால் சாவு வீடு.

ஒரு நாள் ஒரு செம்பை எடுத்து, “கு. சரோஜா” என்று படித்தேன். அம்மாவின் பேரம் பாதியில் நின்றது. வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டு ஆரணிக்குப் போனதால் எங்கள் வீட்டில் யாரும் பேச்செடுக்காத அவளுடைய அக்காவின் பெயர் அது.

“இத யாருண்ணா வித்தாங்க?”

“மூட்டையா வருதுமா. எனக்கு எடை தெரியும், ஆளா தெரியும்? பேரு அராவாம வந்திருக்குது பாரு...” என்றவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எழுதத் தெரியாத அம்மாவுக்காக, அப்பாவுக்குத் தெரியாமல், பெரியப்பா பெயருக்கு ஆரணிக்கு ஒரு கார்டு போட்டேன்: ‘செம்பு கிடைத்தது. பெரியம்மா இருக்கிறார்களா?’ பதில் வரவில்லை. ஆள் இல்லையென்றால் திரும்பி வந்திருக்க வேண்டிய கார்டும் வரவில்லை. அம்மா காத்திருந்துவிட்டு, அக்காவுக்காகத் தலை முழுகினாள். அமாவாசைதோறும் அந்தச் செம்பில் தண்ணீர் வைத்தாள். மறுநாள் காலையில் அது ஒரு விரற்கடை குறைந்திருக்கும். செம்பில் ஒழுக்கு இல்லை, நானே சோதித்திருக்கிறேன்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். பெயர் வெட்டுகிறவரும் இல்லை, அராவுகிறவரும் இல்லை. செம்பு என்னிடம் இருக்கிறது. தபால் ஆபீசில், கடிதம் சேரத் தாமதமானதற்கு விளக்கம் கேட்டு முப்பது வருடம் மெமோ எழுதியவள் நான். இதில் தபால்காரர்மேல் குற்றமில்லை. கார்டு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்து, பெரியப்பாவின் பெட்டியில் பத்து வருடம் கிடந்திருக்கிறது. அவர் போன பிறகுதான் பெரியம்மா அதைப் பார்த்திருக்கிறாள்.

“தங்கச்சி, கஷ்டத்துலதான் வித்தேன். வாங்கினவரு காஞ்சிபுரத்து யாவாரின்னு சொன்னாரு. உன் கண்ணுல படட்டும்னுதான் பேர அராவாம குடுத்தேன்” என்று யாரிடமோ சொல்லி எழுதி வாங்கியிருந்தாள்.

அந்த இன்லண்ட் கடிதம் வந்தது, அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று.