எரிந்த விமானத்தின் இருக்கை

டெய்லரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது கடைத்தெரு முழுக்கத் தெரியும். ஒரு பட்டன் காஜா கோணலாக இருந்தால் போதும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவாள். மெஷினை மிதித்தே ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள். அவளிடம் யார் வாயைக் கொடுப்பார்கள்?

அந்தக் கோபத்தில் பெரும்பங்கு செத்துப்போன புருஷன் மேல்தான். போர் விமானி. எஞ்சின் நின்றதும் கைப்பிடியை இழுத்திருந்தால் இருக்கையோடு வெளியே பாய்ந்து தப்பியிருக்கலாமாம். கீழே வீடுகள் இருந்ததால் விமானத்தை வெட்டவெளிக்குத் திருப்பி, அதோடு எரிந்துபோனார் என்றார்கள். மெடல் கொடுத்தார்கள். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. இவளுக்கு மட்டும் வயிறு எரிந்தது. முன்பின் தெரியாதவர்களை நினைத்த ஆள், கைக்குழந்தையோடு நிற்கிறவளை நினைக்கவில்லையே! வெட்டுகிற துணி பறக்காமலிருக்க அந்த மெடலை மேலே வைத்துக்கொண்டாள்.

விமானப்படை அருங்காட்சியகத்தில் அப்பாவின் இருக்கையைப் புதிதாக வைத்திருக்கிறார்கள் என்று மகள் நச்சரித்ததால்தான் டெய்லரம்மா வந்தாள். மகள் சுவரிலிருந்த பலகையைப் படிக்கப் போனாள். டெய்லரம்மா கருகிய இருக்கை முன்னால் நின்றாள். பக்கத்தில் காவலுக்கு ஒரு முன்னாள் விமான மெக்கானிக். இவள் யாரென்று அவருக்குத் தெரியாது.

"இந்தக் கைப்பிடிய இழுத்திருந்தா வெளிய வந்திருக்கலாம்ல?"

"இந்தக் கம்பி இல்லாம இருந்தா வந்திருக்கலாம்மா. தரையில நிக்கும்போது இருக்கை வெடிச்சுக் கிளம்பிடக் கூடாதுன்னு இதைச் சொருகி வைப்போம். பறக்கறதுக்கு முன்னாடி உருவிடணும். அன்னைக்கு மறந்துட்டாங்க."

"நீங்க காட்சிக்காகச் சொருகினதா?"

"ஐயோ, இல்லம்மா. இப்படியேதான் வந்துச்சு. எப்படி வளைஞ்சிருக்கு பாருங்க. பாவம், இழு இழுன்னு இழுத்திருக்காரு. இதையெல்லாம் பலகையில எழுதுவாங்களா?"

டெய்லரம்மா குனிந்து வளைந்த கம்பியைப் பார்த்தாள். மனுஷன் வரப் பார்த்திருக்கிறார். இரும்பு வளைகிற அளவுக்கு, அவளிடம் வரப் பார்த்திருக்கிறார். அவளோ இத்தனை வருஷமும் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறாள்.

மகள் கண் கலங்கி ஓடி வந்தாள். "அப்பா நினைச்சிருந்தா தப்பிச்சிருக்கலாம்னு போட்டிருக்கும்மா. எவ்வளவு பெரிய மனசு! இப்பவாச்சும் ஒத்துக்கோயேன்."

இவள் யாரென்று மெக்கானிக்குக்கு அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறக்கப் போனார். டெய்லரம்மா அவரைப் பார்த்த பார்வையில் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாடி, பெரிய மனசுதான்," என்றாள்.

அம்மாவின் குரல் உடைந்தது பெருமையால்தான் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.